அப்கிரேட் செய்த மறுநாள் பாமினி எழுத்துரு போய்விட்டதா? அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் வழி

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னும் பின்னும், திருகோணமலையில் நான் போய்வரும் அச்சகங்களிலும் டிசைன் கடைகளிலும் ஒரே கேள்விதான்: “அண்ணா, பதினொன்றுக்கு மாறச் சொல்லித் திரையில வருது, அமத்தட்டா?” சிலர் கேட்டார்கள். பலர் கேட்காமலே அமத்திவிட்டு மறுநாள் காலையில் கூப்பிட்டார்கள்.

அப்படி அமத்திவிட்டு, கல்யாணக் கார்டோ கோயில் நோட்டீஸோ மேசையில் காத்திருக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பவருக்காக இதை எழுதுகிறேன். இயங்குதளம் வெளியாகும் நாளும், டிசைன் மென்பொருள் அதற்கேற்பத் திருத்தப்படும் நாளும் ஒன்றல்ல. இடையில் சில வாரங்கள் போகும், சில நேரம் மாதங்கள் போகும். நீங்கள் வைத்திருப்பது பத்து வருடப் பழைய பதிப்பு என்றால் அந்தத் திருத்தம் வரவே வராது. ஆகவே கெட்டுப்போனது உங்கள் கை இல்லை, பெரும்பாலும் உங்கள் கோப்பும் இல்லை. எது கெட்டது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழித்து மறுபடி பதிவதால்தான் கோப்பும் சேர்ந்து கெடுகிறது.

எதையும் தொடுவதற்கு முன்

வேலைக் கோப்புகள் உள்ள போல்டரை அப்படியே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். கோப்பைத் திறந்து பார்க்கலாம், ஆனால் சேமிக்க வேண்டாம். திறந்ததும் ஏதாவது எச்சரிக்கை வந்தால் அதை போனில் படம் எடுத்துவிட்டு, சேமிக்காமல் மூடுங்கள்.

அப்கிரேட் செய்த திகதியை ஒரு தாளில் எழுதி மொனிட்டரில் ஒட்டுங்கள். விண்டோஸில் பழைய பதிப்புக்குத் திரும்ப 10 நாள்தான் தருவார்கள். பழைய விண்டோஸ் முழுவதும் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற போல்டரில் சி டிரைவில் இருக்கும். டிரைவ் நிறைந்துவிட்டது என்று அதைத் துப்பரவு செய்பவர்கள் திரும்பிப் போகும் வழியைத் தாங்களே அடைத்துவிடுகிறார்கள். 10 நாள் போதாது என்று தோன்றினால், அந்த 10 நாள் முடிவதற்குள் நிர்வாகிக் கட்டளைத் திரையில் ஒரு கட்டளை கொடுத்து 60 நாள் வரை நீட்டலாம். கணினி தெரிந்த ஒருவரைப் பிடித்து அதை முதல் வேலையாகச் செய்வியுங்கள். அதற்குப் பிறகு பதறாமல் பார்க்கலாம்.

அறிகுறி: தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்தாகவும் அரைப்புள்ளியாகவும் தெரிகின்றன

எங்கள் ஊரில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இதுதான், ஆகவே இதில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பாமினி யுனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொது முறை) எழுத்துரு இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான். அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருக்கிறது பாமினி. மெய்யெழுத்தின் புள்ளி அதில் அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. போர்வை விலகினால் சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளி தெறித்துக் கிடப்பது அதனால்தான். வாசகம் எங்கும் போகவில்லை. போனது எழுத்துரு மட்டும்.

ஏன் போனது? ‘அப்கிரேட்’ என்று சொல்லிப் பல கடைகளில் செய்வது முழு போர்மட். அதில் பழைய எழுத்துருக்கள் அனைத்தும் அழிந்துவிடும். பிறகு பென்டிரைவில் இருந்து பாமினியை இரட்டைக் கிளிக் செய்து மறுபடி பதிவார்கள். வேர்டில் பாமினி வரும், கோரல் ட்ரோ என்ற டிசைன் மென்பொருளில் வராது. இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள்.

காரணம் இது: 2018இன் கடைசியில் வந்த 1809 பதிப்பு முதல், விண்டோஸ் 10 எழுத்துருவைச் சாதாரணமாகப் பதியும்போது அந்தப் பயனாளருக்கு மட்டும் உரிய போல்டரில் போடுகிறது. பழைய டிசைன் மென்பொருட்களுக்கு விண்டோஸின் பொது எழுத்துருப் போல்டரை மட்டுமே பார்க்கத் தெரியும். எழுத்துருக் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ‘இன்ஸ்டோல் போர் ஓல் யூசர்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11இல் அது தெரியாவிட்டால் முதலில் ‘ஷோ மோர் ஒப்ஷன்ஸ்’ என்பதை அமத்துங்கள். முன்பு பயனாளருக்கு மட்டும் பதிந்ததை நீக்கிவிட்டுச் செய்வது நல்லது. கோரலை மூடித் திறந்தால் பாமினி வந்துவிடும். மென்பொருளை மறுபடி பதிய ஒரு தேவையும் இல்லை.

இனி, நான் பார்த்ததிலேயே மனதை வருத்திய ஒரு பிழை. ஒரு சிவராத்திரிக் காலம். ஓர் அச்சகத்தில் வேலை செய்யும் தம்பி இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டார். மூன்று மொழியிலும் அமைந்த நோட்டீஸ்: தமிழ் பாமினியில், சிங்களம் எப்.எம். அபயவில், முகவரியும் தொலைபேசி எண்களும் சாதாரண ஆங்கில எழுத்துருவில். கோப்பைத் திறந்தபோது எழுத்துரு இல்லை என்று ஒரு பெட்டி வந்திருக்கிறது. அதில் மாற்று எழுத்துருவை ‘தற்காலிகமாக’ வைப்பதா, ‘நிரந்தரமாக’ வைப்பதா என்று கேட்கும். அவர் நிரந்தரம் என்பதை அமத்தி, சேமித்தும் விட்டார்.

முழுவதையும் தெரிவுசெய்து பாமினி போட்டால் தமிழ் திரும்பி வருகிறது. ஆனால் அதோடு ஆங்கில முகவரி தமிழ்க் குப்பையாகிறது, சிங்களமும் அப்படியே. எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்துரு என்ற தகவல் கோப்பிலேயே இல்லாமல் போய்விட்டது. உள்ளே எல்லாமே ஆங்கில எழுத்துகளின் எண்கள் என்பதால் கணினிக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

நோட்டீஸைக் காப்பாற்றியது கோரல் தானாக எடுத்து வைக்கும் காப்புப் பிரதி. நீங்கள் சேமிக்கும்போது, அதற்கு முந்திய நிலையை ‘பேக்கப் ஒப்’ என்று தொடங்கும் பெயரில் அதே போல்டரில் கோரல் வைக்கும். ஆனால் இரண்டாம் முறை சேமித்தால் அதன் மேல் புதியது ஏறிவிடும். தம்பி ஒரு முறைதான் சேமித்திருந்தார். இப்படி நடந்தால் வேறு எதையும் தொடாமல் அந்தக் காப்புப் பிரதியின் பெயரை உடனே மாற்றி வேறு இடத்தில் வையுங்கள். அந்தப் பெட்டி வந்தால் எப்போதும் ‘தற்காலிகம்’ என்பதையே தேர்ந்தெடுங்கள்.

அறிகுறி: தமிழ் தெரிகிறது, ஆனால் கொம்பு இடம் மாறி நிற்கிறது

இது யுனிகோடில் தட்டிய கோப்புகளில் வரும். போட்டோஷொப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் மூன்றிலும் வரும். அப்கிரேட்டின்போது மென்பொருளின் விருப்பத் தெரிவுகள் அழிந்து, எழுத்துகளை அடுக்கும் முறை ஆங்கிலத்துக்கு உரியதாக மாறிவிடுகிறது. அது எழுத்துகளை வந்த வரிசையிலேயே வைக்கும். கொம்பு முன்னால் வரவேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

சோதிக்க எங்கள் ஊர்ப் பெயரைவிட நல்ல சொல் இல்லை. ‘திருகோணமலை’ என்று தட்டுங்கள். ‘ரு’ ஒட்டி வருகிறதா, ‘கோ’வின் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்கிறதா, ‘லை’யின் இணைக்கொம்பு ‘ல’வுக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரி என்றால் உங்கள் அமைப்பு சரி.

தவறாக வந்தால், போட்டோஷொப்பில் பிரிபரன்சஸ் போய் டைப் பகுதியில் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். கொஞ்சம் பழைய பதிப்பில் அது ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ என்று இருக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் அதே டைப் பகுதியில் ‘ஷோ இன்டிக் ஒப்ஷன்ஸ்’ என்பதை இயக்கிவிட்டு, பத்திப் பலகையின் மெனுவில் தெற்காசிய கம்போசரை (எழுத்துகளை அடுக்கும் முறை) எடுங்கள். இன்டிசைனில் பத்திப் பலகை மெனுவிலேயே ‘வேர்ல்ட்-ரெடி பரகிராப் கம்போசர்’ இருக்கிறது. ஏற்கெனவே தட்டிய பத்திகள் தானாக மாறாது. அவற்றைத் தெரிவுசெய்துதான் மாற்ற வேண்டும்.

எழுத்துகள் வெறும் கட்டங்களாகவோ, நீங்கள் வைத்த வடிவம் இல்லாமல் வேறு வடிவத்திலோ வந்தால் அது வேறு கதை. முன்பு விண்டோஸோடு தானாக வந்த லதா, விஜயா எழுத்துருக்கள் விண்டோஸ் 10 முதல் விருப்ப அம்சமாகப் பிரிக்கப்பட்டுவிட்டன. செட்டிங்ஸில் ‘ஒப்ஷனல் பீச்சர்ஸ்’ போய் ‘தமிழ் சப்ளிமென்டல் பொண்ட்ஸ்’ என்று தேடிச் சேர்த்தால் போதும், இணைய இணைப்பு வேண்டும்.

இன்னொன்று. ‘டைப் 1’ என்ற பழைய வகை எழுத்துருக்களை வைத்திருக்கும் பழைய அச்சகங்கள் இங்கே இன்னும் உண்டு. அடோபி 2023 ஜனவரியோடு அவற்றுக்கான ஆதரவை நிறுத்தியது. போட்டோஷொப் அதற்கு முன்பே, 2021இல் கைவிட்டது. புதிய பதிப்பில் அவை பட்டியலிலேயே வராது. எத்தனை முறை பதிந்தாலும் வராது. அதே எழுத்துருவின் ஓப்பன்டைப் வடிவத்தைத் தேட வேண்டும், அல்லது பழைய பதிப்புள்ள கணினியில் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

அறிகுறி: மென்பொருள் திறக்கவே மறுக்கிறது

மக்கில் மென்பொருளின் படத்தின் மேல் வட்டமும் குறுக்குக் கோடும் விழுந்திருந்தால் அது பெரும்பாலும் 32-பிட் என்ற பழைய வகை மென்பொருள். 2019இல் வந்த மக் இயங்குதளப் பதிப்பான கட்டலினா 32-பிட் மென்பொருட்களை முற்றாகக் கைவிட்டது. அதற்கு முந்திய மொஹாவிதான் அவற்றை ஓட்டும் கடைசிப் பதிப்பு. இன்டிசைன் சி.எஸ்.6 அப்படி நின்றுபோன ஒன்று. இதற்குத் திருத்தம் எதுவும் கிடையாது. உங்கள் மக் மொஹாவியை ஏற்கும் பழைய இன்டெல் மக் என்றால், வெளி எஸ்.எஸ்.டி. ஒன்றில் மொஹாவியைப் பதிந்து, பழைய வேலை வரும்போது அதிலிருந்து இயக்கலாம். ஆப்பிளின் எம்1 அல்லது அதற்குப் பிந்திய சிப் என்றால் அந்த வழியும் இல்லை.

இன்னும் மொஹாவியில் இருப்பவர்கள் முன்கூட்டியே பார்க்கலாம்: சிஸ்டம் இன்பர்மேஷனில் ‘லெகசி சொப்ட்வெயர்’ என்ற பகுதி, மாறினால் எவை எவை நிற்கும் என்று பெயர் பெயராகக் காட்டும்.

விண்டோஸில் பழைய மென்பொருள் திறக்காவிட்டால் அதன் குறுக்குவழியில் வலது கிளிக், புரொப்பர்ட்டீஸ், கொம்பட்டிபிலிட்டி என்று போய்ப் பழைய விண்டோஸைத் தெரிவுசெய்து பாருங்கள். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளின் கோப்புகளை இன்னும் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அவற்றைத் திறக்கத் தெரிந்த கடைசி இன்டிசைன் சி.எஸ்.6தான். அதற்குப் பிறகு வந்த சி.சி. பதிப்புகளுக்குத் தெரியாது. பழைய கோயில் மலர்கள், பாடசாலை நூற்றாண்டு மலர்கள் பல அந்தக் கோப்புகளில்தான் இருக்கின்றன. பழைய கணினியைக் கழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் திறந்து, பி.டி.எப். ஆகவும் இன்டிசைன் கோப்பாகவும் சேமித்துவிடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்பதுபோல் கேட்கிறேன். அந்தக் கணினி போய்விட்டால் அந்த மலர்களை மறுபடி தட்ட வேண்டிவரும்.

கிராக் செய்த பிரதி என்றால், அப்கிரேட்டுக்குப் பின் விண்டோஸின் பாதுகாப்பு மென்பொருள் அதன் பாகங்களைப் பிடித்து நீக்கியிருக்கலாம். அதற்கு நான் வழி சொல்லப்போவதில்லை. பணம் கட்ட முடியாதவர்களுக்கு இங்க்ஸ்கேப்பும் ஸ்கிரைபஸும் இலவசமாகவே இருக்கின்றன, இரண்டிலும் யுனிகோட் தமிழ் சரியாக வருகிறது.

அறிகுறி: திரை கறுக்கிறது, நடுங்குகிறது, ஊர்கிறது

போட்டோஷொப்பில் பிரிபரன்சஸ், பெர்போமன்ஸ் போய் கிராபிக்ஸ் புரொசசர் தெரிவை நிறுத்திப் பாருங்கள். சரியாகிவிட்டால் குறை கிராபிக்ஸ் டிரைவரில். உங்கள் கார்டுக்கு உரிய நிறுவனத் தளத்தில் இருந்து டிரைவரை எடுத்துப் பதிந்துவிட்டு அந்தத் தெரிவைத் திரும்ப இயக்குங்கள். திரையின் நிறம் மட்டும் மஞ்சளாக இருந்தால் முதலில் நைட் லைட்டைப் பாருங்கள், பிறகு மொனிட்டரின் நிற புரொபைல் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: டிசைன் சரி, ஆனால் கட்டருக்கு எதுவும் போகவில்லை

ஸ்டிக்கர் வெட்டும் கட்டர் இல்லாத பதாகைக் கடை இப்போது இல்லை. ஆட்டோவுக்கு, மீன்பிடிப் படகுக்கு, நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல் கண்ணாடிகளுக்கு என்று தினமும் வேலை இருக்கும். இந்தக் கட்டர்களில் பல யு.எஸ்.பி.யில் இருந்து சீரியலுக்கு மாற்றும் கேபிள் வழியாக இணைகின்றன.

டிவைஸ் மனேஜரைத் திறந்து ‘போர்ட்ஸ்’ பகுதியைப் பாருங்கள். மஞ்சள் முக்கோணத்தோடு, பி.எல்.2303எச்.எக்ஸ்.ஏ. என்ற சிப் 2012இலேயே கைவிடப்பட்டது என்ற வாசகம் இருந்தால், கட்டரில் ஒரு குறையும் இல்லை. கேபிளுக்குள் இருக்கும் பழைய சிப்பைப் புதிய டிரைவர் ஏற்க மறுக்கிறது. அவசரத்துக்கு அப்டேட் டிரைவர் போய், கணினியில் உள்ள பட்டியலில் இருந்து பழைய டிரைவர் பதிப்பைத் தேர்ந்தால் பல நேரம் ஓடும். அடுத்த அப்டேட்டில் மறுபடி நிற்கலாம் என்பதால், புதிய சிப் உள்ள கேபிள் ஒன்றை, எப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் சிப் என்றால் இன்னும் நல்லது, வாங்கிவிடுங்கள். கட்டரையே மாற்றச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்டு அவசரப்பட வேண்டாம்.

கேபிளை மாற்றியும் போகவில்லை என்றால் கொம் போர்ட் எண் (அந்த இணைப்புக்கு விண்டோஸ் கொடுக்கும் எண்) மாறியிருக்கும். வெட்டும் மென்பொருள் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

பதாகை அச்சிடும் பிளெக்ஸ் இயந்திரத்தின் ரிப் மென்பொருள் (டிசைனை அச்சுக்கு ஏற்றபடி மாற்றுவது), டொங்கிளை (உரிமத்துக்காகச் செருகும் சிறு யு.எஸ்.பி. சாவி) காணவில்லை என்று சொன்னால், முதலில் டொங்கிள் தயாரித்த நிறுவனத்தின் புதிய டிரைவரைப் பதியுங்கள். ‘டிரைவரை ஏற்ற முடியவில்லை’ என்று விண்டோஸே சொன்னால், விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் போய் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ இயங்குகிறதா என்று பாருங்கள். பழைய டிரைவர்களை அது தடுக்கும். அதை நிறுத்தினால் வேலை செய்யலாம், ஆனால் அது ஒரு பாதுகாப்பு. அந்தக் கணினியில் இணையம் இல்லை என்றால் மட்டும் நிறுத்துங்கள்.

அறிகுறி: உங்களிடம் திறக்கிறது, அச்சகத்தில் திறக்கவில்லை

அப்கிரேட்டோடு மென்பொருளையும் புதிதாக்கியிருப்பீர்கள். கிண்ணியாவிலோ மூதூரிலோ உள்ள அச்சகத்தில் பழைய பதிப்பு இருக்கும். கோரலில் சேமிக்கும்போது பதிப்பு எண்ணைக் குறைத்துக் கொடுக்கலாம். இன்டிசைனில் பழைய பதிப்புகளும் திறக்கும் ஐ.டி.எம்.எல். வடிவில் அனுப்பலாம். பி.டி.எப். போதும் என்றால் அதுவே நல்லது. எழுத்துகளை வளைகோடாக மாற்றி அனுப்புபவர்கள், மாற்றாத மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் முகூர்த்த நேரம் மாறும், மாறாமல் இருந்ததே இல்லை.

எப்போது திரும்பிப் போவது?

எழுத்துரு, கம்போசர், கேபிள் ஆகியவை எல்லாம் இருந்த இடத்திலேயே சரிசெய்யக் கூடியவை. அவற்றுக்காகத் திரும்ப வேண்டாம். மென்பொருளே திறக்காமல், வேலை நாளை கொடுக்க வேண்டியதாக இருந்தால் திரும்புங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி, ‘கோ பேக்’. உங்கள் கோப்புகள் இருக்கும். அப்கிரேட்டுக்குப் பின் பதிந்த மென்பொருட்கள் போய்விடும். மக்கில் இப்படி ஒரு பொத்தான் இல்லை. டிஸ்க்கை அழித்து, பழைய பதிப்பைப் பதிந்து, மக்கின் காப்புப் பிரதி வசதியான டைம் மெஷினில் முன்பே எடுத்த பிரதியைக் கொண்டுவர வேண்டும். அந்தப் பிரதி இல்லாமல் மக்கை அப்கிரேட் செய்யவே கூடாது.

இன்னும் அமத்தாதவர்களுக்கு

விண்டோஸ் அப்டேட்டை 5 வாரம் வரை நிறுத்தி வைக்கலாம். மக்கில் சொப்ட்வெயர் அப்டேட் பகுதியில் தானாகப் பதியும் தெரிவை நிறுத்தலாம். அந்த இடைவெளியில் உங்கள் மென்பொருள் நிறுவனத்தின் தளத்தில், உங்கள் பதிப்பு எண்ணுக்கு நேராகப் புதிய இயங்குதளத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஓடும் போல’ என்று நண்பர் சொல்வதை எடுக்க வேண்டாம். பிரிண்டர், கட்டர், டொங்கிள் மூன்றுக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

கடையில் இரண்டு கணினி இருந்தால், பில் போடுவதை முதலில் மாற்றுங்கள். அச்சுக்குக் கோப்பு போகும் கணினி கடைசி.

நாளைத் தெரிவதும் முக்கியம். சிவராத்திரியில் இருந்து பங்குனியில் கோணேசர் கோயில் திருவிழா, சித்திரை வருடப்பிறப்பு என்று ஒரு நாளும் ஓய்வில்லை. அது முடிய நிலாவெளிப் பக்கம் சுற்றுலாக் காலம். மார்கழியில் கல்யாண வேலை இல்லை, ஆனால் டிசம்பர் முழுக்க கலண்டரும் டயரியும். எனக்குக் கிடைப்பது ஜனவரி முதல் பத்து நாள்: கலண்டர் முடிந்திருக்கும், தைப் பொங்கலுக்குப் பின்னான கல்யாணக் கார்டுகள் இன்னும் தொடங்கியிருக்காது. அது மாரிக்காலம் என்பதால் மின்சாரம் போய்வரும். யு.பி.எஸ்.ஸின் பற்றரி அரை மணித்தியாலமாவது தாங்குகிறதா என்று முதல் நாளே பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் நான் அந்தப் பொத்தானை அமத்துவேன். பழைய கணினி பக்கத்து மேசையில் இணையக் கம்பி கழற்றியபடி, பாமினியோடும் பழைய கோரலோடும் அப்படியே இருக்கும்.